வெள்ளைக் கார் செல்ஃப் எடுக்கவில்லை

சாவியைத் திருப்பினேன். 'டிக்' என்றது. அவ்வளவுதான்.

மறுபடி திருப்பினேன். மறுபடியும் 'டிக்'. சிவப்பு விளக்கு பளிச்சென்று எரிந்தது. ஹாரனை அழுத்தினேன், எதிர்வீட்டு நாய் எழுந்து குரைத்தது. வைப்பர் ஆடியது. எஞ்சின் மட்டும் அசையவே இல்லை.

பக்கத்து இருக்கையில் என் கணவர் அமலதாஸ். தலை வாரிவிட்டு, சட்டைப் பொத்தான்களைப் போட்டுவிட்டு, பெல்ட்டையும் நானே மாட்டிவிட்டிருந்தேன். மடியில் ஆஸ்பத்திரிக் காகிதங்கள் வைத்த மஞ்சள் பை. காலை ஏழரை மணி இருக்கும். மார்கழிப் பனி இன்னும் கண்ணாடியை விட்டுப் போகவில்லை. ஒன்பதரைக்கு நாங்கள் சேலத்தில் இருந்தாக வேண்டும்.

எருமப்பட்டி ரோட்டில் எங்கள் வீட்டை அடுத்து ராசப்பனின் கோழிப்பண்ணை. பிக்கப் வேனில் முட்டை அட்டைகளை ஏற்றிக்கொண்டிருந்தவர் ஹாரன் சத்தம் கேட்டு வேலியோரம் வந்தார்.

"ஏனுங்க டீச்சர், இன்னைக்கும் எடுக்கலீங்களா?"

"இல்லீங்க ராசப்பன். நேத்து சாயந்திரம் ஒரே தடவையில எடுத்துச்சு. இப்ப மாட்டேங்குது."

"நேத்து ஓடுன வண்டிக்கு நின்ன எடத்துல என்னுங்க ஆயிருக்கும்?"

அந்தக் கேள்விக்கு விடை தெரியாமல்தான் ஏறக்குறைய நான்கு மாதம் திரிந்தேன்.

இந்தத் தொடரில் இதுவரை விடுதிப் பள்ளியையும் பிள்ளைகளையும் பற்றியே எழுதிவந்தேன். ஓய்வு பெற்ற பிறகு பொழுது எப்படிப் போகிறது என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். உண்மையைச் சொல்வதென்றால், முதல் வருடத்தில் ஒரு நல்ல பகுதி ஒரு பழைய காரைக் கிளப்பப் பார்ப்பதில் போனது. முப்பது வருடம் இயற்பியல் நடத்தியவள் நான். பேட்டரி, சுவிட்ச், பல்பு என்று கரும்பலகையில் எத்தனை ஆயிரம் முறை வரைந்திருப்பேன்! என் வீட்டு வாசலில் நின்ற பேட்டரியும் சுவிட்சும் என்னை மதிக்கவே இல்லை.

ஐம்பத்தேழில் ஸ்டீயரிங்

அந்தக் கார் எங்களிடம் வந்தபோதே பழசு. பெட்ரோல் வண்டி. சோக்கை இழுத்துக் கிளப்ப வேண்டிய காலத்துக் கார். இப்போது கார் ஓட்டுகிற பிள்ளைகளிடம் சோக் என்றால் கரும்பலகையில் எழுதுவது என்று நினைத்துக்கொள்வார்கள்.

ஓட்டுவது எப்போதும் அவர்தான். நான் பக்கத்தில் உட்கார்ந்து விடைத்தாள் திருத்துவேன். ராசிபுரம் தாண்டுவதற்குள் பத்துத் தாள் முடிந்துவிடும்.

ஓர் ஆடி மாதக் காலையில் அவர் சாப்பிட உட்கார்ந்தவர், இட்லியைப் பிட்ட கையை வாய்க்குக் கொண்டுபோக முடியாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பக்கவாதம். வலது கையும் வலது காலும் போயின. அவற்றோடு பேச்சும் போனது.

கால் ஓரளவு திரும்பி வந்தது. கோல் ஊன்றி நடந்தார். கை பாதி வந்தது. பேச்சுதான் வரவில்லை. வரவில்லை என்பதைவிட, தாறுமாறாக வந்தது என்பது சரி. சட்டை வேண்டுமென்றால் "துண்டு" என்பார். எதிர்வீட்டு நாயைக் காட்டி "கோழி" என்பார். 'ஆமா' என்று ஒரு சொல் சரளமாக வரும். ஆனால் ஆமாம் என்றாலும் ஆமா, இல்லை என்றாலும் ஆமா.

சேலத்தில் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண் முதல் நாளே சொன்னாள்: "அவர் மனசுல வார்த்தை இருக்கும்மா. எடுக்கப் போறப்ப பக்கத்துல இருக்கற வார்த்தை கைல வந்துருது. முதல் ஒரு வருஷம் ரொம்ப முக்கியம். வாரத்துல மூணு நாள், விடாம வாங்க."

விடாமல் என்றால் எப்படி? பஸ்ஸில் ஏற்ற முடியாது. வாடகைக் காரில் இரண்டு தடவை போனோம். இருக்கை தாழ்வாக இருந்து, காலை மடக்கத் தெரியாமல் அவர் கத்திய கத்தலில் டிரைவரே பயந்துபோனார். மூன்றாம் தடவை அவர் ஏறவே மறுத்து, கோலை நீட்டி எங்கள் வெள்ளைக் காரைக் காட்டிக்கொண்டு நின்றார்.

அதனால் ஐம்பத்தேழாம் வயதில் நாமக்கல்லில் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தேன். என்னோடு கற்றுக்கொண்டவர்களில் இருவர் என்னிடமே படித்தவர்கள். நான் கியரைத் தப்பாகப் போடும்போதெல்லாம் அவர்கள் மரியாதையாக ஜன்னலுக்கு வெளியே பார்ப்பார்கள்.

லைசென்ஸ் வாங்கி, இரண்டு மாதம் நன்றாகவே போய்வந்தோம். அப்புறம்தான் அந்த 'டிக்'.

ஆளுக்கொரு காரணம்

முதல் காரணத்தைச் சொன்னவர் ராசப்பன்.

"பேட்டரி எறங்கிருக்குமுங்க. இருங்க, பிக்கப்பைக் கொண்டாறேன்."

பிக்கப்பைப் பக்கத்தில் நிறுத்தி, கறுப்பும் சிவப்புமான இரண்டு தடித்த ஒயர்களால் அந்தப் பேட்டரியையும் எங்கள் பேட்டரியையும் இணைத்தார். சாவியைத் திருப்பியதும் எஞ்சின் பிடித்துக்கொண்டது. நன்றி சொல்லிவிட்டு ஓட்டிப் போனேன். அந்த வாரமே புதுப் பேட்டரி மாட்டினேன்.

அடுத்த திங்கட்கிழமை, புதுப் பேட்டரியோடு, 'டிக்'.

ராசப்பன் மறுபடி ஒயரோடு வந்தார். இந்தத் தடவை அதுவும் வேலை செய்யவில்லை. அதற்கடுத்த தடவை செய்தது. "இதென்னுங்க டீச்சர், ஒரு நாளைக்கு ஒரு குணமா இருக்குது?" என்று தலையைச் சொறிந்தார். பின்னால் நின்று தள்ளினால் மட்டும் சமர்த்தாகக் கிளம்பும். கிளம்பிவிட்டால் சேலம்வரை ஒரு குறையும் இருக்காது.

மெக்கானிக் குமரேசனிடம் விட்டேன். நாற்பது வயதுக்காரர், நல்ல வேலைக்காரர். எஞ்சினைச் சுற்றிக் கிளப்புகிற செல்ஃப் மோட்டார் போயிருக்கும் என்றார். அதைக் கழற்றி, உள்ளே கார்பன் பிரஷ் மாற்றி, மேசைமேல் வைத்து இரண்டு ஒயர் கொடுத்துச் சுற்றிக் காட்டினார். கிர்ரென்று சுற்றியது.

"பாருங்க டீச்சரம்மா, எப்படிச் சுத்துதுன்னு. இனி உங்களுக்கு ஒரு தொந்தரவும் இருக்காதுங்க."

மேசைமேல் சுற்றிய மோட்டார் வண்டிக்குள் போனதும் மூன்றாம் நாள் மறுத்துவிட்டது. கழற்றி மேசைமேல் வைத்தால் சுற்றுகிறது. மாட்டினால் சுற்றவில்லை. குமரேசன் தரையில் குந்தி உட்கார்ந்து நெடுநேரம் அதையே பார்த்தார்.

பிறகு சாவி போடும் சுவிட்சை மாற்றினார். காயிலை மாற்றினார். பிளக்குகளை மாற்றினார். நடுவில் கிளட்ச் கேபிள் வேறு இறுகிப்போய், மிதித்தால் கால் நோகும் அளவுக்கு ஆனது. புதிது போட்டார். அதுவும் ஒரே மாதத்தில் இறுகியது. உள்ளே பிளாஸ்டிக் உருகி ஒட்டியிருந்தது.

"கோவிச்சுக்காதீங்க டீச்சரம்மா. ஓட்டறப்ப கிளட்ச் மேலயே காலை வெச்சிருக்கறீங்க. அதான் வேகுது."

எனக்கு உடனே அதுதான் சரி என்று பட்டது. தவறு என்னிடம்தான். வயதான காலத்தில் கற்றுக்கொண்டவளிடம் கார் என்ன செய்யும்? அன்றிலிருந்து இடது காலைத் தூக்கித் தூக்கி வைத்து ஓட்டினேன். முழங்கால் வலி வந்தது. கிளட்ச் கேபிள் மறுபடியும் இறுகியது.

விஞ்ஞான முறைப்படி ஒரு நோட்டுப் போட்டேன். எந்த நாள் எடுத்தது, எந்த நாள் எடுக்கவில்லை, பனியா வெயிலா, வண்டி எந்தப் பக்கம் பார்த்து நின்றது என்று குறித்தேன். மூன்று வாரக் குறிப்பிலிருந்து எனக்குக் கிடைத்த முடிவு, வண்டி கிழக்கே பார்த்து நின்றால் பெரும்பாலும் எடுக்கிறது என்பது. இதை நான் நம்பினேன். கொஞ்ச நாள் கிழக்கே பார்த்தே நிறுத்தினேன். மாணவர் யாராவது பார்த்திருந்தால் என்ன நினைத்திருப்பார்கள்!

பட்டறைக்காரர்

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். இவ்வளவு கூத்தும் நடந்தது யார் வீட்டில்? நாமக்கல் லாரி பாடி கட்டும் பட்டறைகளில் முப்பது வருடத்துக்கு மேல் ஒயரிங் வேலை செய்த மனிதரின் வீட்டில்.

எனக்கு வரன் பார்த்தபோது சேலத்தில் எங்கள் தேவாலயப் பங்கிலேயே பேச்சு எழுந்தது. படித்த டீச்சருக்குப் பட்டறைக்காரனா என்று என் சித்தப்பா கேட்டார். பெண் பார்க்க வந்த அன்று இவர் அதிகம் பேசவில்லை. காபி குடித்தார், எங்கள் வீட்டுக் காலிங்பெல் கரகரவென்று கேட்பதைச் சொல்லி, திருப்புளி கேட்டு வாங்கிச் சரிசெய்துவிட்டுப் போனார். "மாப்பிள்ளை எப்படி?" என்று அம்மா கேட்டபோது, பெல் நன்றாக இருக்கிறது என்றேன்.

புதிதாகப் பாடி கட்டிய லாரி பட்டறையை விட்டுப் போகும் முன் கடைசியாக அதில் கை வைப்பவர் அவர்தான். பின்விளக்கு, பக்கவிளக்கு, கேபின் மேலே சாமி படத்துக்கு ஒரு சின்ன விளக்கு. எல்லாவற்றையும் ஒரு சுற்று எரியவிட்டுப் பார்த்துவிட்டுத்தான் அனுப்புவார். ஆனால் வேலையைப் பற்றி வீட்டில் பேசமாட்டார். வீட்டில் பேச ரேஷன் இருந்தது, மகளின் படிப்பு இருந்தது.

அப்படிப்பட்டவர் காருக்குள் பெல்ட் போட்டு உட்கார்ந்திருக்க, வெளியே நானும் ராசப்பனும் குமரேசனும் நின்று பேட்டரியா, சுவிட்சா என்று விவாதித்தோம். அவர் கதவைத் திறக்கப் பார்த்தால், "நீங்க இறங்காதீங்க, விழுந்துருவீங்க" என்பேன். "அண்ணா, வெயில் ஏறுதுங்க, உள்ள போய்ப் படுங்க" என்பார் ராசப்பன். பானட்டைத் திறந்து நாங்கள் குனிந்திருக்கும்போது அவரை நிழலில் நாற்காலி போட்டு உட்கார வைப்போம். எல்லாம் பிரியத்தில் செய்ததுதான்.

"மண்ணு"

அந்தச் சொல்லை அவர் முதலில் எப்போது சொன்னார் என்று நோட்டில் இல்லை. வண்டி எடுக்காமல் பயிற்சிக்குப் போக முடியாத ஒரு நாள், வீட்டுக்குள் கைத்தாங்கலாக அழைத்துப் போகும்போது நின்று, என் தோளை அழுத்திப் பிடித்து, தெளிவாகச் சொன்னார்.

"மண்ணு."

ஆறு மாதத்தில் அவ்வளவு தெளிவாக ஒரு சொல் வந்ததில்லை. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. செடி வைக்கும் ஆசை வந்திருக்கிறது என்று நினைத்தேன். தொட்டியில் மண் நிரப்பிக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தேன். தொட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மறுநாளும் "மண்ணு". வெறுங்காலில் மண்ணில் நடந்தால் நல்லது என்று யாரோ சொன்னது ஞாபகம் வந்து, செருப்பைக் கழற்றி ராசப்பனின் தோட்டத்தில் நடக்க வைத்தேன். நடந்தார். நடந்து முடித்துவிட்டு, "மண்ணு!" என்று கோபமாகக் கோலால் தரையைக் குத்தினார்.

"சாமிக்கு என்னமோ மனசுல கெடக்குதுங்க டீச்சர்," என்றார் ராசப்பன். குழந்தையானாலும் பெரியவரானாலும் அவருக்கு எல்லோரும் சாமிதான்.

பிறகுதான் எனக்குப் பயம் வந்தது. நாங்கள் கத்தோலிக்கர்கள். சாம்பல் புதனன்று நெற்றியில் சாம்பல் பூசும்போது, மண்ணிலிருந்து வந்தோம், மண்ணுக்கே திரும்பப் போகிறோம் என்று வருடம் தவறாமல் கேட்டு வளர்ந்தவர்கள். வேறு எந்த மண்ணைச் சொல்வார்? துண்டு, கோழி என்று பொருந்தாத சொல்லாக வந்திருந்தால் நான் சந்தேகப்பட்டிருப்பேன். இது பொருந்துகிற சொல்லாகப் போய்விட்டது.

அவரிடமே கேட்டேன். "சாவைப் பத்திச் சொல்றீங்களா?"

"ஆமா," என்றார். தலையை வேறு பக்கமாக ஆட்டினார். ஆமாவுக்கும் இல்லைக்கும் அவரிடம் ஒரே சொல் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும், கேட்ட காதுக்கு ஆமாதான் கேட்டது.

பங்குத் தந்தையை அழைத்தேன். நோயாளிகளுக்குப் பூசும் எண்ணெயோடு வந்தார். அவர் ஜெபிக்க ஜெபிக்க, என் கணவர் ஜன்னலுக்கு வெளியே நின்ற காரை இடது கையால் காட்டி, "மண்ணு, மண்ணு" என்றார். கண்ணில் நீர் முட்டியது. ஃபாதர் அவர் கையை மெல்லப் பிடித்து மடியில் வைத்தார். இவர் அந்தப் பிடியை உதறினார்.

போகும்போது ஃபாதர் என்னைத் தனியே அழைத்தார். "அவர் தயாரா இருக்கார்மா. நீங்கதான் இன்னும் தயாராகலை."

நான் சமையலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

கோயம்புத்தூரிலிருந்து மகள் போனில் பேசினாள். "அம்மா, ரெண்டு பேரும் இங்க வந்துருங்க. முதல்ல அந்தக் காரை வித்துத் தொலைங்க. வண்டி எடுக்கலைங்கற டென்ஷன்லயே அப்பா இப்படி ஆயிட்டார்."

அவள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அந்த மாதத்தில் பாதி நாள் பயிற்சிக்குப் போகவில்லை. வருடம் கரைந்துகொண்டிருந்தது. விற்றுவிடுவது என்று முடிவு செய்தேன்.

வாங்க வந்தவர்

பழைய வண்டி வாங்கும் ஒருவர் ஒரு சனிக்கிழமை பகல் பதினோரு மணி வாக்கில் வந்தார். பரமத்தி வேலூர்ப் பக்கத்துக்காரர், நடு வயது, தன்மையான மனிதர். வண்டியைச் சுற்றி வந்து, கதவைத் திறந்து மூடி, "நல்லா வெச்சிருக்கறீங்க. ஒரு தடவ ஸ்டார்ட் பண்ணுங்க பாக்கலாம்," என்றார்.

திருப்பினேன். 'டிக்'.

"சில நாள் இப்படிங்க," என்றேன். மறைப்பதற்கு எனக்கு எதுவும் இல்லை. "காரணம் யாருக்கும் தெரியலை."

ராசப்பன் தன் பிக்கப்பைக் கொண்டுவந்து நிறுத்தி, பின்னாலிருந்து ஒயரை எடுத்தார். அப்போது வீட்டுக் கதவு சுவரில் மோதும் சத்தம் கேட்டது.

என் கணவர் வந்துகொண்டிருந்தார். கைலியும் பனியனுமாக, கோலை ஊன்றி, யாரும் பிடிக்காமல் மூன்று படிகளையும் தனியே இறங்கினார். நான் ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன். தட்டிவிட்டார். வண்டி வாங்க வந்தவர் ஒதுங்கி வழிவிட்டார். அவருக்கு இவரைப் பற்றி எதுவும் தெரியாது. வீட்டுக்காரர் வருகிறார், வழிவிட்டார், அவ்வளவுதான். எங்களில் யாரும் அதுவரை அதைச் செய்ததில்லை.

அவர் கோலால் பானட்டைத் தட்டினார். ராசப்பன் என்னைப் பார்த்தார். நான் தலையசைத்தேன். பானட்டைத் திறந்தார்.

இடது கையை நீட்டி ராசப்பனிடமிருந்து கறுப்பு ஒயரை வாங்கினார். சிவப்பைத் தொடவே இல்லை. கறுப்பு ஒயரின் ஒரு நுனிக் கிளிப்பை எங்கள் பேட்டரியின் மைனஸில் கடிக்க வைக்கப் பார்த்தார். ஸ்பிரிங் கெட்டி, ஒற்றைக் கையால் முடியவில்லை. நான் அவர் கைமேல் கை வைத்து அழுத்தினேன். கிளிப் வாய் திறந்து பிடித்துக்கொண்டது.

ராசப்பன் அடுத்த நுனியை எடுத்துத் தன் பிக்கப்பின் பேட்டரிக்குக் கொண்டுபோனார்.

"ஆமா!" என்று கத்தினார் இவர். தலை இல்லை என்று ஆடியது. கோலைத் திருப்பிப் பிடித்து எங்கள் எஞ்சினையே குத்திக் காட்டினார். எஞ்சினைத் தூக்குவதற்கென்று அதன் மேலே ஓர் இரும்புக் கொக்கி இருக்கும். அதன்மேல் டங் டங்கென்று தட்டினார்.

"மண்ணு. மண்ணு. மண்ணு."

"அதுலயா மாட்டச் சொல்றாருங்க? ரெண்டு முனையும் ஒரே வண்டியிலயா?" ராசப்பனுக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்கும்தான். இருந்தும் மாட்டினேன்.

அவர் தன் இடது கை விரல்களைச் சேர்த்துக் காற்றில் திருகினார். சாவி.

உட்கார்ந்து திருப்பினேன்.

ஒரே இழுப்பு. எஞ்சின் பிடித்துக்கொண்டு தடதடவென்று ஓடியது.

அணைத்தேன். மறுபடி திருப்பினேன். எடுத்தது. ஒயரைக் கழற்றிவிட்டுத் திருப்பினேன். 'டிக்'. மாட்டினேன், எடுத்தது. கழற்றினேன், 'டிக்'. ராசப்பன் பிக்கப்பின் பக்கவாட்டில் சாய்ந்துகொண்டு வாயைப் பிளந்து பார்த்தார்.

போன் பேசியதும் வந்தவர்

ஒயரை மறுபடி மாட்டி எஞ்சினை ஓடவிட்டுவிட்டுக் குமரேசனுக்குப் போன் செய்தேன். கால்மணி நேரத்தில் வந்துவிட்டார். பேட்டரியிலிருந்து எஞ்சினுக்குப் போன ஒற்றை ஒயரைப் பார்த்ததும் வண்டியிலிருந்து இறங்கின இடத்திலேயே நின்றார். நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"அட, எர்த்து! எர்த்துங்க டீச்சரம்மா, எர்த்து!"

எர்த். பூமி. மண்.

நான் திரும்பி அவரைப் பார்த்தேன். அவர் வாசற்படியில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். என்னைப் பார்க்கவில்லை. ஓடுகிற எஞ்சின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

குமரேசன் எஞ்சினை அணைத்துவிட்டு, சாக்கை விரித்துக் காருக்கு அடியில் போனார். எஞ்சினையும் வண்டியின் உடம்பையும் இணைக்கிற பின்னல் கம்பிப் பட்டை ஒன்று அடியில் இருக்கிறது. மேலிருந்து பார்த்தால் தெரியாது. அதன் ஒரு முனை பச்சைக் களிம்பு பிடித்து அரித்து, நாலைந்து இழையில் தொங்கிக்கொண்டிருந்தது. இழை தொட்டுக்கொண்டிருந்த நாளில் வண்டி எடுத்திருக்கிறது. விலகிய நாளில் 'டிக்'.

அடியிலிருந்தே குமரேசன் சொல்லிக்கொண்டு வந்தார். "வெளக்கு, ஹாரன் எல்லாம் பாடியில எர்த்து எடுக்குதுங்க. அதுக்குக் கொற இல்ல. செல்ஃப் எஞ்சின்மேல ஒக்காந்திருக்குது. அதுக்குத்தான் திரும்பிப் போக வழியில்ல. மேசமேல நானே ஒயர் குடுத்தேன், சுத்துச்சு. ராசப்பண்ணன் என்னைக்காவது கறுப்புக் கிளிப்ப எஞ்சின் இரும்புல மாட்டியிருப்பாரு. அன்னைக்கு எடுத்திருக்கும்."

"ஆமாங்க," என்றார் ராசப்பன். "எட்டுற எடத்துல மாட்டுவேனுங்க."

"கிளட்ச் கேபிளும் அதனாலதானுங்க. வேற வழியில்லாம கரண்டு அது வழியாப் போயி, வெந்து இறுகியிருக்குது." வெளியே வந்து உட்கார்ந்து, கையைத் துடைத்துக்கொண்டார். "உங்க காலைக் குத்தம் சொல்லிப்போட்டனுங்க. மனசுல வெச்சுக்காதீங்க."

மின்னோட்டம் கிளம்பினால் மட்டும் போதாது, திரும்பி வரவும் பாதை வேண்டும் என்பது எட்டாம் வகுப்புப் பாடம். அதை நான் எத்தனை பிள்ளைகளைப் பெஞ்சில் ஏற்றி ஒப்பிக்க வைத்திருக்கிறேன்! எனக்கு வெட்கமாக இருந்தது. அதோடு அந்த எண்ணெய், அந்த ஜெபம், அவர் மடியில் திருப்பி வைக்கப்பட்ட அந்தக் கை எல்லாம் நினைவுக்கு வந்தன.

வண்டி வாங்க வந்தவர் இன்னும் நின்றுகொண்டிருந்தார்.

"இனி எதுக்குங்க விக்கறீங்க?" என்றார். "ஒரு காபி மட்டும் குடுங்க, குடிச்சுட்டுக் கெளம்பறேன்."

எல்லோருக்குமே காபி போட்டேன்.

நீ

அன்று மாலை அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். "எர்த்தைத்தான் மண்ணுன்னு சொன்னீங்களா?"

"ஆமா." தலையும் ஆமாம் என்றது.

"என்னை மன்னிச்சுருங்க. எனக்கு விளங்கவே இல்ல."

அவர் சிரித்தார். பிறகு என்னை நோக்கி விரலை நீட்டி, "நீ," என்றார்.

"நான் என்ன?"

"நீ... நீ." விரல் என்னையே காட்டியது. என்ன கேட்டும் அதற்குமேல் வரவில்லை. களைத்துப்போய்க் கண்ணை மூடிக்கொண்டார்.

நான் புரிந்துகொள்ளாததைக் குறை சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். பேச்சுப் பயிற்சி கொடுக்கும் சேலத்துப் பெண்ணிடம் கேட்டேன். "வாயைப் பாக்காதீங்கம்மா, கையைப் பாருங்க" என்றாள். கை என்னைத்தான் காட்டியது. அதை வைத்து என்ன செய்ய?

இரண்டு வாரம் கழித்து, மாவாட்டி முடித்துக் கிரைண்டரைத் துடைத்துக்கொண்டிருந்தேன். எந்தக் காரணமும் இல்லாமல் அது ஞாபகம் வந்தது.

கல்யாணமான புதிது. சேலத்தில் வாடகை வீடு. அம்மா கொடுத்த கிரைண்டரைத் தொட்டால் சுருக்கென்று ஷாக் அடிக்கும். இவர் மூன்று தடவை பிரித்து மாட்டினார், நிற்கவில்லை. இந்த வீட்டில் எர்த் இல்லை என்றேன். இவருக்கு விளங்கவில்லை. லாரியில் எர்த் என்றால் அடியில் கிடக்கிற இரும்புச் சட்டம். அது எப்போதும் இருக்கும். இல்லாமல் எப்படிப் போகும்?

"வீட்டுக்கு எர்த்துன்னா நெஜமாவே மண்ணுங்க," என்று புதுப் பெண்டாட்டியின் மிடுக்கில் பாடம் நடத்தினேன். "அந்த இங்கிலீஷ் வார்த்தைக்கே மண்ணுன்னுதான் அர்த்தம். குழி தோண்டிப் புதைக்கணும்."

பத்து வருடமாகத் தினமும் சொல்லிவந்த வார்த்தைக்கு அர்த்தம் அன்றுதான் அவருக்குத் தெரிந்தது. நம்பவே மாட்டேன் என்று சிரித்தார். மறுநாள் கொல்லையில் குழி தோண்டி, கரியும் உப்பும் போட்டுக் குழாயைப் புதைத்தார். ஷாக் நின்றது. "மண்ணு வெச்சாச்சு டீச்சர்" என்று அந்த வாரம் முழுக்கக் கேலி செய்துகொண்டிருந்தார்.

மாவுக் கையோடு ஓடினேன். அவர் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார்.

"கிரைண்டர்! சேலத்து வீடு! நான்தான் சொன்னேன், மண்ணுன்னு. அதைத்தானே நீ, நீன்னு..."

அவர் இரண்டு தோளும் குலுங்கச் சிரித்தார். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். நானும் சிரித்தேன். பிறகு அவர் சொன்னார்:

"தண்ணி."

நான் வாயைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்தேன். கை சும்மா மடியில் கிடந்தது. காபியாக இருக்குமா? குளிக்க வேண்டுமா? ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றச் சொல்கிறாரா? போய்ப் பார்த்தேன், நிறைய இருந்தது. மொட்டைமாடிக்கு ஏறித் தொட்டி வழிகிறதா என்றும் பார்த்துவிட்டு, மூச்சிரைக்க இறங்கி வந்தேன். வேறு எதுவும் தோன்றாமல் கடைசியில் ஒரு டம்ளர் தண்ணீரைக் கொண்டுவந்து நீட்டினேன்.

ஒரே மூச்சில் குடித்தார். காலி டம்ளரை என்னிடம் நீட்டிவிட்டு, இவ்வளவு நேரம் எங்கே போயிருந்தாய் என்பதுபோல் என்னைப் பார்த்தார்.